தாயத்துச் செம்பும் ரத்தச் செம்பும்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், அதோடு பயந்த சுபாவம். வேலைக்குப் போன காலத்தில் வாலாஜாபாத்தில் பஸ் ஏறும்போது வீட்டைப் பூட்டினோமா என்று பயப்படுவேன். காஞ்சிபுரத்தில் இறங்கும்போது நேற்று ஊறப்போட்ட குழாய்களை மூடி வைத்தோமா என்று பயப்படுவேன். ஓய்வு பெற்று இவ்வளவு காலம் ஆன பிறகும் வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவினால் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கவிழ்த்து வைக்கிறேன். இப்படிப்பட்டவள் எழுதுவதில் உற்சாகம் தரும் சங்கதி அதிகம் இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்தை ஒட்டியிருந்த சின்னப் புற்றுநோய் மருத்துவமனையில். கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலை. பாத்திரம் தேய்க்கிற வேலைதானே, அதற்கு எதற்கு இவ்வளவு கவலை என்று வீட்டில் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடிந்ததில்லை. உங்களுக்குப் புரியும்.

புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தில் செம்பும் துத்தநாகமும் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் முக்கிய வேலை. சில வகை நோய்களில், அதிலும் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டிக்கொண்டு வரும் நோயில், நோய் ஏறும்போது செம்பு ஏறும், துத்தநாகம் இறங்கும். சிகிச்சை பலித்தால் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பும். இன்றைக்கு இருப்பதுபோல உடம்பின் உள்ளே படம்பிடித்துப் பார்க்கும் இயந்திரம் எதுவும் அப்போது எங்களிடம் கிடையாது. கைக்குத் தட்டுப்படாத இடத்தில் நோய் ஒளிந்திருக்கிறதா என்று ஊகிக்க இந்த அளவும் ஒரு துணை.

மனித ரத்தத்தில் இருக்கிற செம்பு மிக மிகக் கொஞ்சம். வியர்த்த விரல் குழாயின் வாயில் பட்டால் போதும், கணக்கு கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு குழாயும் அமிலத்தில் ஊறி, காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்ப அலசப்பட வேண்டும். பிறகு, ரத்தம் உறைந்தபின் மேலே தெளிகிற சீரத்தை அதில் விட்டு மருந்தைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் எழும்பும். செம்பு கூடினால் மஞ்சளும் அடர்ந்துகொண்டே போகும். பக்கத்தில் ஒரு குழாய் இருக்கும். மற்ற எல்லாவற்றையும் சேர்த்து, நோயாளியின் சீரத்தை மட்டும் சேர்க்காத குழாய். பிளாங்க் என்று நீங்களும் சொல்கிறீர்களே, அதுதான். அது நிறமில்லாமல் நின்றால் நான் ஒழுங்காகக் கழுவியிருக்கிறேன் என்று அர்த்தம். அதைப் பார்க்கும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.

எங்கள் ஆய்வகத் தலைவரை நாங்கள் சார் என்றே கூப்பிட்டோம். அவர் காஞ்சிபுரத்துக்காரர் இல்லை, தெற்கிலிருந்து வந்தவர். குரலை உயர்த்த மாட்டார், சிரிக்கவும் மாட்டார். சேர்ந்த புதிதில் கழுவிய குழாயையே நான் மறுபடி மறுபடி கழுவுவதைப் பார்த்துவிட்டு, "பயமா இருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "இருக்கட்டும். தைரியசாலியா இருந்தா ரெண்டு தடவை அலசிட்டு வீட்டுக்குப் போயிடுவான். எனக்கு உன்னை மாதிரி ஆள்தான் வேணும்" என்றார். பாராட்டினாரா, கிண்டல் செய்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒருமுறை அந்த பிளாங்கே மஞ்சளாகிவிட்டது. மறுநாள் மறுபடி செய்தோம், மறுபடி மஞ்சள். நான் அழாத குறை. என் கைதான் காரணம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுக்கும் டாக்டரம்மா வாசலில் வந்து நின்று, "தோராயமாவாவது ஒரு நம்பர் சொல்லுங்களேன், வார்டுல ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்று சத்தம் போட்டார். சார் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "இன்னைக்கு எங்கிட்ட நம்பர் இல்ல." கடைசியில் பார்த்தால், வடித்த நீர் வைத்திருந்த பாத்திரத்தின் குழாய்முனை ஒழுகுகிறது என்று ஸ்டோர்காரர் நல்ல எண்ணத்தோடு புதுப் பித்தளைத் திருகு ஒன்றை மாட்டிவிட்டிருக்கிறார். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும்தானே. சார் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நல்லா பளபளன்னு இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

எண் இல்லாதபோது இல்லை என்று சொல்லலாம், அதற்காக யாரும் நம்மைத் தூக்கில் போட மாட்டார்கள் என்று அன்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. எண் இருந்தும் ஒன்றும் சொல்ல முடியாமல் போகிற நிலைமை ஒன்று உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தெய்வானை காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பெண். புருஷன் ஏகாம்பரம் பட்டு நெய்கிறவர். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. கழுத்தில் பாக்குக்கொட்டை அளவில் நெறி கட்டி, அது கரையாமல் வரிசையாகப் பெருத்தபிறகு எங்களிடம் வந்தாள். சதை எடுத்துப் பார்த்ததில் நோய் உறுதியாயிற்று. ரத்தம் எடுத்தோம். குழாயில் மஞ்சள் நன்றாக அடர்ந்து எழும்பியது.

ஏகாம்பரம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள். ஆய்வக வாசலிலேயே சாரைப் பிடித்துக்கொண்டார்.

"ரத்தத்துல இன்னா சார் பாக்கறீங்க?"

"செம்பு."

"செம்பா? சரிகையில பாக்கறா மாதிரியா?"

சாருக்குச் சரிகை பற்றித் தெரியாது. எப்படிப் பார்ப்பீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டதும் ஏகாம்பரத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கல்லுல ஒரசுவோம் சார். உள்ள வெள்ளி சரியா இருந்தா வெளுப்பா கோடு உழும். வெள்ளிய கொறச்சி செம்ப ஏத்தி இருந்தான்னு வைங்க, செவப்பு காட்டிக் குடுத்துடும். அத்த வேலைக்கே எடுக்க மாட்டோம். அப்பிடியே கட்டி திருப்பி அனுப்பிடுவோம்."

பக்கத்தில் நின்றிருந்த தெய்வானை, கழுத்தில் கட்டோடு, "அப்ப என்னியும் எங்கம்மா வூட்டுக்கு கட்டித் திருப்பி அனுப்பிடுவியா?" என்றாள்.

"உங்கம்மா வாங்கிக்கினாத்தானே? வித்த சரக்க எவன் திருப்பி எடுப்பான்?"

அவள் அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். சார் முகத்தில்கூட ஏதோ அசைந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை வரும்போதும் ஏகாம்பரம் கதவருகே நின்று, "சரிகை எப்பிடி சார் இருக்குது?" என்றுதான் கேட்பார். பெண்டாட்டியைத்தான் அப்படிக் கேட்கிறார்.

அவளுக்குக் கழுத்துக்கு கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு என்று எழுதுவார்கள், சனங்கள் எல்லாரும் கரண்ட் என்றுதான் சொல்வார்கள். தோல் கறுத்தது, தொண்டை வறண்டது, பிறகு நெறிகள் அடங்கின. குழாயில் மஞ்சளும் தடவைக்குத் தடவை வெளிறிக்கொண்டே வந்தது. "நல்ல சரிகை" என்று சார் சொன்ன அன்று, ஏகாம்பரம் கோயில் பிரசாதம் என்று புளியோதரையைப் பொட்டலம் கட்டி வந்து கொடுத்தார். டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்து, இன்னும் சில வருஷத்துக்குக் குழந்தை உண்டாகக் கூடாது, உடம்பு தாங்காது, நோய் திரும்பினால் சிகிச்சையும் கொடுக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார். தெய்வானை தலையை ஆட்டினாள்.

சோதனைக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தாள். அப்படி ஒருமுறை வந்தபோது மஞ்சள் மறுபடி ஏறியிருந்தது.

கொஞ்சம் இல்லை, முதல்முதலாக வந்தபோது இருந்த அளவுக்கு. துத்தநாகம் இறங்கியிருந்தது. டாக்டரம்மா கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை, அசதியாக இருக்கிறது, குமட்டுகிறது என்றாள் தெய்வானை. மாதவிலக்கு சரியாக வருகிறதா என்று கேட்டதற்கு, வருகிறது, போன வாரம்தான் தலைக்கு ஊற்றிக்கொண்டேன் என்றாள்.

"உள்ளதான் இருக்கணும், வயித்துல" என்றார் டாக்டரம்மா, சாரிடம். "தள்ளிப் போட முடியாது. திங்கட்கிழமை அடிவயித்துக்கு கரண்ட் ஆரம்பிச்சிடறேன்."

சார், "அதுக்குள்ள இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கறேன்" என்றார்.

எனக்குக் குழாய்கள்மேல்தான் சந்தேகம். புதிதாக ஊறப்போட்டு, என் விரல் நுனி வெந்து போகும்வரை அலசினேன். ரத்தம் எடுக்கும்போது நானும் கூடப் போனேன். மேல்கையில் ரப்பரைக் கட்டுவதற்காக ரவிக்கைக் கையைச் சுருட்டினார்கள். அங்கே, கறுப்புக் கயிற்றில், பளபளவென்று ஒரு தாயத்து. செப்புத் தாயத்து!

நான் பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆய்வகத்துக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். "சார், கண்டுபிடிச்சிட்டேன். கையில செம்பு கட்டியிருக்காங்க. அதான் ரத்தத்துல ஏறிடுச்சு."

சார் எழுந்து வந்து அவளிடம் தாயத்தைக் கழற்றச் சொன்னார். தெய்வானை கையால் அதைப் பொத்திக்கொண்டாள். "அத்த மட்டும் கழட்ட சொல்லாதீங்க சார்." சரி என்று மறு கையில் ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் அதேதான். பிளாங்க் நிறமில்லாமல் நின்றது.

அப்போதும் நான் விடவில்லை. எங்கள் வாட்ச்மேன் வருஷக்கணக்காக மணிக்கட்டில் செப்புக் காப்பு போட்டிருந்தார். சார் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "எனக்கு இன்னா சார் ஆச்சி? நான் நல்லாத்தானே இருக்கறேன்? பொண்டாட்டிக்கு ஆள் அனுப்பட்டுமா?" என்று அவர் கலங்கிப்போய்விட்டார். அவர் ரத்தத்தில் மஞ்சள் வெளிறித்தான் இருந்தது, உங்களுக்கும் எனக்கும் இருப்பதுபோல.

"தோலுக்கு மேல கட்டின செம்பு இப்படி உள்ள ஏறாது" என்றார் சார். "தாயத்து இதைச் செய்யல. சரி. தாயத்தை எதுக்குக் கட்டினாங்க?"

"காத்து கருப்பு அண்டாம இருக்க சார். எல்லாரும் கட்டறதுதானே?"

"முன்னால வந்தப்பல்லாம் கையில இல்ல. இப்ப கட்டியிருக்கு. கழட்டவும் மாட்டேங்கறா." கொஞ்சம் யோசித்தார். "எங்கிட்ட சொல்ல மாட்டா. நீ போய்க் கேளு."

பெண்கள் வார்டின் பின்புறம் துணி துவைக்கிற கல் ஒன்று இருந்தது. தெய்வானை அதன்மேல் உட்கார்ந்து முந்தானை நுனியை விரலில் முறுக்கி முறுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். நெசவு வீட்டுப் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றி வளைக்காமல் கேட்டேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, பயத்தில் எல்லாம் உளறிவிடுவேன்.

"தாயத்து யார் கட்டனது?"

"எங்க அத்தை." மாமியாரைச் சொல்கிறாள்.

"எதுக்கு?"

"சும்மாதான்க்கா."

"சும்மா கட்டனத கழட்டறதுக்கு இன்னா?"

அவள் முந்தானையை முறுக்குவதை விட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தங்கணும்னு கட்டியிருக்குதுக்கா. மூணாவது மாசம் நடந்துக்கினு இருக்குது. டாக்டரம்மா கையில சொல்லிடாதீங்க. கலைச்சிடணும்னுவாங்க. இத்தன வருசம் கழிச்சி வந்துக்குது. இனிமே வராதுக்கா."

"டாக்டரம்மா கேட்டப்ப தலைக்கு ஊத்திக்கினேன்னு சொன்னியாமே?"

"வேற இன்னா சொல்றது?"

"திங்கட்கிழமை கரண்டு வெக்கறாங்களே, தெய்வான!"

"வெக்கட்டுமே. கழுத்துலதானே? போன தடவ எங்க வெச்சாங்க, தெரியாதா? புள்ள கீழதானே இருக்குது."

அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மறுபடி கரண்ட் என்று சொன்னார்கள், எங்கே என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம் அவளுக்கு.

பிள்ளைகளே, நீங்கள் நோயாளிகளிடம் நேராகப் பேசும் வேலையில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் குழாய் கழுவுகிறவள், இதெல்லாம் டாக்டர்கள் சொல்ல வேண்டியது. ஆனால் அந்தக் கல்மேல் நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன்.

"இந்தத் தடவ கழுத்துக்கு இல்லம்மா, வயித்துக்கு" என்றேன்.

அவள் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. முதலில் கை வயிற்றுக்குப் போனது. பிறகு எழுந்தாள். வீட்டுக்குப் போகிறேன், இனி வரவே மாட்டேன் என்றாள். அதுவும் எனக்குப் பயமாகிவிட்டது. நோய் உள்ளே இருந்து, இவள் வராமலே போய்விட்டால்? "நான் சார் கையில சொல்லப் போறேன்" என்றேன். "சொன்னாத்தான் வயித்துக்கு வெக்க மாட்டாங்க. சொல்லலன்னா வெச்சிடுவாங்க. ஓடிப் போயிட்டா உனக்கு இன்னா ஏதுன்னு யாரு பாக்கறது?"

"உங்கள அக்கான்னு கூப்ட்டேனே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் போய் சாரிடம் சொன்னேன்.

சார் ஆச்சரியப்படவில்லை. "கர்ப்பத்துலயும் செம்பு ஏறும். துத்தநாகம் இறங்கும்" என்றார். அவர் ஊகித்துத்தான் என்னை அனுப்பியிருக்கிறார். டாக்டரம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. தெய்வானைமேல், மாமியார்மேல், ஏகாம்பரத்தின்மேல், கடைசியில் தன்மேலேயும். பிறகு தாமே பரிசோதித்துப் பார்த்து உறுதி செய்தார். ஏகாம்பரத்தை வரவழைத்தார்கள். நாலு பேரும் ஆய்வகத்தில் நின்றார்கள். நான் குழாய் அடுக்குவதுபோல ஒரு மூலையில்.

ஏகாம்பரத்துக்கு எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர் காதில் ஒன்றுதான் விழுந்தது.

"அப்ப இது நோயால ஏறினது இல்லியா சார்? புள்ளையா?"

"ரெண்டும் இருக்கலாம்" என்றார் சார்.

"புள்ளையாலதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"புள்ளையாலயும் ஏறும்னு சொன்னேன். நோய் இல்லன்னு சொல்லல. இந்த நிறம் இனிமே எனக்கு எதையும் சொல்லாது, ஏகாம்பரம்."

டாக்டரம்மா வழிகளைச் சொன்னார். கலைத்துவிட்டு நோயைத் தேடலாம். இல்லையென்றால் பிறக்கும்வரை காத்திருக்கலாம். காத்திருக்கும்போது உள்ளே நோய் இருந்தால் அதுவும் கூடவே வளரும். இருக்கிறதா இல்லையா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

ஏகாம்பரம் மனைவியைப் பார்த்தார். தெய்வானை சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் காத்துக்கினு இருக்கறேன்" என்றாள்.

டாக்டரம்மா அதை அவள் சீட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த முறை அவள் வந்தபோது நான் அவளுக்காகக் குழாய் எடுத்து வைத்தேன். சார் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. "ஏறுதா இறங்குதான்னு பாத்துட்டே இருக்கலாமே சார்" என்றேன்.

"ஏறும். நல்ல கர்ப்பமா இருந்தாலும் ஏறும், நோய் இருந்தாலும் ஏறும். பார்த்து நீ என்ன பண்ணப் போற?"

"பயம் கொஞ்சம் குறையும் சார்."

"உன் பயத்துக்கு அவ கையில ஊசி போட முடியாது" என்றார்.

இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் காலத்தில் ஊசி போடுவதும் எண் எடுப்பதும் மிகச் சுலபமாகிவிட்டது. கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாத சோதனையை நம் மனசு ஆறுவதற்காகச் செய்யக் கூடாது. அந்த மாதங்களில் டாக்டரம்மா கையால் தொட்டுப் பார்த்ததும், எடை பார்த்ததும், காய்ச்சல் வருகிறதா என்று விசாரித்ததும்தான் பார்க்க முடிந்தது. காய்ச்சல் வந்து வந்து போனது. கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வராதா என்ன என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டோம்.

என்னோடு அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள். வரும்போது வாசலில் என்னைத் தாண்டிப் போவாள். ஒரு நாள் மட்டும் நின்று, என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே உதைத்தது. என் கையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். என் விரல்கள் அமிலத்தில் சொரசொரத்துக் கிடந்தன, அவள் புடவையில் சிக்கிக்கொள்ளுமோ என்று அந்த நேரத்திலும் எனக்குக் கவலை.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை. ஏகாம்பரம் கற்கண்டு கொண்டுவந்தார். "சரிகை எப்பிடி இருக்குதுன்னு இப்ப பாத்துடுங்க சார்" என்றார். சார் பார்க்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு செம்பு இறங்கச் சில வாரம் பிடிக்கும், அதற்குமுன் பார்த்தால் மறுபடியும் அதே குழப்பம்தான் என்றார். காத்திருந்தோம். அந்த வாரங்களில் நான் எத்தனை தடவை அந்தக் குழாய்களைக் கழுவினேன் என்று எனக்கே தெரியாது.

அந்த நாள் வந்தது. தெய்வானை குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் கன்னம் ஒட்டியிருந்தது. தாயத்து இப்போது அவள் கையில் இல்லை, குழந்தையின் அரைஞாணில் தொங்கியது. ரத்தம் எடுத்தார்கள். சீரம் பிரித்தார்கள். சார் மருந்தைச் சேர்த்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

மஞ்சள் எழும்பியது. கொஞ்ச நேரத்தில் நிற்கும், இதற்குமேல் போகாது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. அசல் சரிகையின் நிறத்துக்கு வந்து, அதையும் தாண்டி அடர்ந்தது.

நான் பிளாங்கைப் பார்த்தேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அது நிறமில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான். அன்றைக்கு அது மஞ்சளாக இருக்கக் கூடாதா, நான் சரியாகக் கழுவாமல் போயிருக்கக் கூடாதா என்று அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஏகாம்பரநாதர் கோயில் கோபுரம் தெரிகிற ஜன்னல் அது. குழாய்க்குள் வெறும் தண்ணீர் மாதிரி அப்படியொரு தெளிவு. கோபுரம் அதற்குள்ளே மெலிந்து தெரிந்தது.

சார் என் கையிலிருந்து அதை வாங்கி ஸ்டாண்டில் வைத்தார். "நல்லாத்தான் கழுவியிருக்க" என்றார். அன்று அதைவிடக் கொடுமையான சொல்லை அவர் சொல்லியிருக்க முடியாது. அது அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு வயிற்றுக்கு கரண்ட் வைத்தார்கள். மருந்தும் ஏற்றினார்கள். கொஞ்சம் அடங்கியது, மறுபடி கிளம்பியது. மார்புக்குள்ளும் போய்விட்டது என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. கடைசிச் சில வாரங்களில் அவளாகவே என்னை அக்கா என்று மறுபடி கூப்பிட ஆரம்பித்தாள். வார்டுக்குக் குழந்தையை விட மாட்டார்கள் என்பதால் ஏகாம்பரம் வெளியே ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். குழந்தை நடக்கத் தொடங்குமுன் தெய்வானை போய்விட்டாள்.

சில மாதம் கழித்து ஏகாம்பரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். வழக்கமாக நிற்கும் கதவருகே நின்றார். அன்று சரிகையைப் பற்றிக் கேட்கவில்லை, குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அன்னிக்கே வயித்துக்கு கரண்டு வெச்சிருந்தா பொழச்சிருப்பாளா சார்?"

சார் நாற்காலியிலிருந்து எழுந்து அவர் எதிரே போய் நின்றார். எதையாவது ஆறுதலாகச் சொல்லிவிடுவாரோ என்று நான் பார்த்தேன்.

"தெரியாது, ஏகாம்பரம்."

"உங்களுக்கே தெரியாதா?"

"எனக்கே தெரியாது."

ஏகாம்பரம் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கல்லில் உரசியும் நிறம் தெரியாத சரக்கு அவர் கைக்கும் வந்திருக்குமோ என்னவோ. குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி, அதன் கையை நீட்டிப் பிடித்து, "இதுக்கு ஒருவாட்டி பாத்துடுங்க சார். செம்பு இருக்குதான்னு" என்றார்.

"வேண்டாம். இவளுக்கு ஒண்ணும் இல்ல. ஊசி குத்தினா அழும், கூட்டிட்டுப் போங்க."

சார் உள்ளே போய்விட்டார். ஏகாம்பரம் நகரவில்லை. குழந்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. அதன் இடுப்பில் அந்தத் தாயத்து, தேய்ந்து செக்கச்செவேலென்று இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார், சத்தமே வராத குரலில்.

"இதுவும் செம்புதானேக்கா? அவ கையால இதுக்கு கட்டிவுட்டது. கழட்டிப் போட்டுடட்டுமா? இதுல இருந்து ஏதுனா உள்ள ஏறிடுமா?"

கதவைப் பூட்டினோமா என்றுகூட உறுதியாகச் சொல்லத் தெரியாதவள் நான். ஆனால் மறு கையில் எடுத்த ரத்தத்தை நான் பார்த்திருக்கிறேன். வாட்ச்மேனின் ரத்தத்தையும் பார்த்திருக்கிறேன்.

"ஏறாதுப்பா" என்றேன்.

"நல்லா தெரியுமா?"

"நல்லா தெரியும். இருக்கட்டும், கழட்டாத."

அவர் அரைஞாண் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்து இறுக்கினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துப் பக்கம் நடந்தார். நான் உள்ளே போய் மறுநாளைக்கான குழாய்களை ஊறப்போட்டேன்.